ஹரிசனுக்கு எழுதிக் கொடுத்த தீவு

நெல்சன் பிளேஸ்,
வெள்ளவத்தை,
கொழும்பு 06.
14.06.2025

அன்புள்ள மருமகன் ஹரிசனுக்கு,

முந்தாநாள் வரை அகில இலங்கைச் சமாதான நீதவானும், முப்பத்தாறு வருஷம் தபால் கந்தோரைத் தனியொருவனாகத் தோளில் சுமந்தவனும், இந்து சமுத்திரத்தில் ஒரு தீவின் முன்னாள் உரிமையாளனுமாகிய உன் மாமா நவரத்தினம் எழுதிக்கொள்வது. இதில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒரு சீவனும் நம்பாது என்று வலது கையை உயர்த்திப் பயபக்தியுடன் உறுதி கூறுகிறேன். யாராவது நம்பினால் அவரை உடனே வைத்தியரிடம் கூட்டிப் போக வேண்டும்.

இங்கு யாவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பேனா மறுத்துவிட்டது. உன் அம்மா ஜெகதீஸ்வரி ஐந்து நாளாக என்னோடு கதைக்கவில்லை. கீழ்வீட்டில் அவள், மேல்வீட்டில் நான், நடுவில் பதினெட்டுப் படி. காலையில் பாணும் சம்பலும் மட்டும் அந்தப் படியேறி வருகின்றன. அவற்றை வாங்கிக்கொண்டு வருகிற உன் மாமியிடம், அண்ணைக்குக் குடுங்கோ எண்டுகூட அவள் சொல்கிறாளில்லையாம். தட்டை நீட்டுகிறாளாம், அவ்வளவுதான். சம்பலில் உறைப்பு மட்டும் நாளுக்கு நாள் கூடுகிறது.

நீயும் தொலைபேசியை எடுக்கிறாயில்லை. வட்ஸ்அப்பில் இரண்டு கோடும் நீலமாகின்றன, பிறகு ஒன்றுமில்லை. ஆகையால் தபால் திணைக்களத்தின் முன்னாள் தூணாகிய நான், காலி வீதியில் ஒரு கூரியர்காரனுக்கு முன்னால் தலைகுனிந்து நின்று இதை ஒப்படைக்கப் போகிறேன். ஜூலை மூன்றாம் திகதி உனக்கு அகதி விண்ணப்ப நேர்முகம். அங்கே உன்னை நம்பினால் லண்டனில் இருக்கலாம், நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு முதல் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும். அதற்காக எந்த அவமானத்தையும் தாங்கும் நெஞ்சு எனக்கு இருக்கிறது. இருக்கிறது என்றுதான் போன திங்கட்கிழமை வரை நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் நாலரை மணி இருக்கும். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு ரீவிக்கு முன்னால் இருந்தேன். உன் தீவைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷம் நீ கூடாரத்தில் கிடந்த அதே தியேகோ கார்சியா. போன டிசம்பரில் பிரித்தானியர் உங்களை விமானத்தில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டு போனார்கள். போன மாதம் தீவுக்கூட்டம் முழுவதையும் மொரிசியசுக்குக் கொடுப்பதாகக் கையெழுத்து வைத்தார்கள். நீ இருந்த தீவை மட்டும் தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள், அங்கே படைத்தளம் இருக்கிறபடியால்.

வெள்ளவத்தைக்காரனுக்கு இது பெரிய புதினமில்லை. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டின் அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிற மனிதர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கேற்றுத் திறப்பைத் தங்கள் இடுப்பில் வைத்துக்கொள்வதில்லை. பிரான்சுக்காரன் தன் ரியூனியன் தீவைப் பிரான்ஸ் என்றே சொல்கிறான். இவர்கள் உன் தீவுக்குத் தங்கள் கொடியை ஏற்றி, தங்கள் முத்திரையை அடித்து, தபால் தலைகூட வெளியிட்டார்கள். நீங்கள் போய் இறங்கியதும் இது பிரித்தானியா இல்லை, இங்கே தஞ்சம் கேட்க முடியாது என்றார்கள். முப்பத்தாறு வருஷம் தபால் கந்தோரில் இருந்தவன் சொல்கிறேன், ஒரே விலாசத்தை ஒரே நாளில் சரியென்றும் பிழையென்றும் சொல்லும் துணிச்சல் எனக்குக்கூட வந்ததில்லை.

ரீவியில் அந்தத் தீவின் சொந்தச் சனத்தையும் காட்டினார்கள். படைத்தளம் கட்டுவதற்காக ஐம்பது வருஷத்துக்கு முதல் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். எங்களிடம் ஒரு சொல் கேட்டீர்களா என்று லண்டன் தெருவில் நின்று கத்தினார்கள். நானும் கதிரையை விட்டு எழும்பி, என்னிடமும் ஒருவரும் கேட்கவில்லையே என்று கத்தினேன். குசினிக்குள் இருந்து உன் மாமி, உங்களுக்கென்னப்பா அங்கை எண்டாள். முன்னாள் உரிமையாளன் எண்டேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடியவில்லை, ஹரிசன், அதற்குள் தொலைபேசி அடித்தது.

உன் சட்டத்தரணி மஸாஹிரா. தாய் தகப்பன் இங்கே கொழும்பில் தெமட்டகொடையில் இருந்து போனவர்கள், பிள்ளை லண்டனில் பிறந்தது, தமிழ் மட்டும் இன்னும் தெமட்டகொடையை விட்டு வெளிக்கிடவில்லை. அங்கிள், ஒங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பி ஈக்கிறன், பாருங்க, அது ஒங்கட முத்திரையா எண்டு கேட்டாள்.

பார்த்தேன். என்னுடைய முத்திரைதான். வட்டமாக, ஊதா மையில், கொஞ்சம் சரிந்து.

நான் உனக்கு அதை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதித்தான் இதை இறக்க வேண்டியிருக்கிறது. 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் உனக்குப் பத்து வயது. உன் அப்பா காலமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. கேக் வெட்ட மாட்டேன் என்று கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டாய். அம்மா மேலே ஓடிவந்து, அண்ணை, பிள்ளைக்கு ஏதாவது சொல்லி வெளியிலை எடுங்கோ எண்டாள். நான் முழங்காலில் நின்று கட்டிலுக்குக் கீழே தலையை விட்டு, சைக்கிள் வேணுமோ எண்டு கேட்டேன். அது எல்லாரிட்டையும் இருக்கு எண்டாய். ரெலஸ்கோப் வேணுமோ? அது கார்த்திகனிட்டை இருக்கு எண்டாய். பிறகு இருட்டுக்குள் இருந்து, உலகத்திலை ஒருத்தரிட்டையும் இல்லாத சாமான் வேணும் மாமா எண்டாய்.

அப்படிக் கேட்டால் உன் மாமா என்ன செய்வான்? மேலே போய் மேசைக்கு முன்னால் இருந்து உனக்கு ஒரு தீவை எழுதினேன்.

நன்கொடை உறுதிப் பத்திரம். ஒரு நொத்தாரிசின் படிவத்தைப் பார்த்து எழுதிய உறுதி, சொல்லுக்குச் சொல் சரி. உன் பூட்டன் ஒரு வெள்ளைக்காரக் கப்பித்தானோடு கொழும்புத் துறைமுகத்தில் மூன்று பகல் மூன்று இரவு முந்நூற்றுநாலு சீட்டு விளையாடினார். கப்பித்தான் முதலில் தொப்பியைத் தோற்றான், பிறகு காற்சட்டையை, பிறகு கப்பலை, கடைசியில் ஒரு தீவை. அந்தத் தீவு வழிவழியாக என்னிடம் வந்து, நான் அதை மருமகன் ஹரிசனுக்கு நன்கொடையாகக் கொடுக்கிறேன். எல்லை: வடக்கே மாலைதீவு, கிழக்கே சமுத்திரம், தெற்கே சமுத்திரம், மேற்கே சமுத்திரமும் ஆபிரிக்காவும். இதற்குள் அடங்கிய தென்னை, கிணறு, வழிவாய்க்கால், ஆமைகள் சகலதும். கடைசியில் சமாதான நீதவான் முத்திரை. காணி உறுதி முடிப்பது நொத்தாரிசின் வேலை, சமாதான நீதவானுக்கு அதில் ஒரு விரல் வைக்கவும் உரிமையில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். முத்திரை இல்லாமல் நீ நம்பமாட்டாய் என்பதும் தெரியும்.

தீவை எங்கே தேடினேன் தெரியுமா? உன்னுடைய பள்ளிக்கூட அட்லசில். ஆரும் வந்து கேள்வி கேட்காத ஒரு புள்ளி வேண்டும் என்று பார்த்தேன். மாலைதீவுக்குக் கீழே தனியாக ஒன்று கிடந்தது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பிரித்தானியா என்று. இது ஆருமில்லாத இடம் என்று நினைத்துக்கொண்டேன். கந்தோரில் கதிரையில் இருந்துகொண்டு ஆருமில்லாத இடம் என்று கடதாசியில் எழுதுகிறவர்கள் எனக்கு முதலே இருந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. உறுதியில் அளவு வேண்டுமே என்பதற்காகத் தெற்கு ஏழு பாகை பதினெட்டுக் கலை, கிழக்கு எழுபத்திரண்டு பாகை இருபத்துநாலு கலை என்று அட்லசைப் பார்த்து எழுதினேன். நீ கட்டிலுக்குக் கீழே இருந்து வந்தாய். கேக் வெட்டினாய். ஒரு கிழமை முழுக்க அந்த இலக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு திரிந்தாய். நான் உலகத்திலேயே கெட்டிக்காரன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மஸாஹிராவிடம், அது பிள்ளைக்கு விளையாட்டுக்கு எழுதினது மகள் எண்டு சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அங்கிள், கடதாசி விளையாட்டு எண்டு வைப்பம், முத்திரையும் விளையாட்டா எண்டு கேட்டாள்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அந்த உறுதியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நீ கடலுக்குக் கொண்டு போயிருக்கிறாய். மூன்று வருஷம் கூடாரத்தில் உன் பைக்குள் இருந்திருக்கிறது. லண்டனில் உன் சாமான்களைப் பதிந்தபோது அதையும் படம் எடுத்திருக்கிறார்கள். இப்போது மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, இந்தத் தீவுக்கு உரிமை சொல்லிக்கொண்டு அரச முத்திரையோடு போலிக் கடதாசி கொண்டு வந்தவரா உங்கள் ஆள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். இரண்டு அரசாங்கம் இந்தத் தீவு யாருடையது என்று கையெழுத்து வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹரிசன்! மூன்றாவதாக நானும் ஓர் உறுதியோடு வரிசையில் நிற்கிறேன்.

நான் இன்னும் சிரிக்கப் பார்த்தேன். அப்போதுதான் அவள், படகு அங்க எப்பிடிப் போனது எண்டு தெரியுமா அங்கிள் எண்டு கேட்டாள்.

எஞ்சின் பழுதாகி, ரியூனியனுக்குப் போக வேண்டிய படகு தீவில் ஒதுங்கியது என்றுதான் நீ எங்களுக்குச் சொன்னாய். உண்மையில் நடந்ததை அவள் உன் வாக்குமூலத்தில் இருந்து வாசித்தாள். ஒன்பதாம் நாள் படகுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஓட்டியிடம் இலக்கம் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றுதான் இருந்தது, படம் இல்லை. பக்கத்திலை எங்கையாவது நிலம் இருக்கோ, ஆருக்காவது தெரியுமோ எண்டு அவன் கத்தியிருக்கிறான். நீ தெற்கு ஏழு பாகை பதினெட்டுக் கலை எண்டு தொடங்கியிருக்கிறாய். பொய் உறுதியில் இருந்த அந்த இலக்கத்துக்குப் படகைத் திருப்பி இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார்கள். முப்பத்தொரு பேர். அதில் நாலு பேர் சின்னப் பிள்ளைகள்.

முப்பத்தொன்றை நான் முந்நூறாக்கவில்லை என்பதைக் கவனி. போனைக் கதிரையில் வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறிப் போனேன். நெல்சன் பிளேசில் இருந்து பார்த்தால் றெயில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல், உனக்குத் தெரியுந்தானே. அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அட்லசில் என் விரல் ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தால்? கண்ணாடி போடாத கண்ணோடு ஏழு பாகையைப் பதினேழு பாகை என்று எழுதியிருந்தால்? நான் உன்னைக் காப்பாற்றினேனா, அல்லது மூன்று வருஷம் வேலிக்குள் போட்டேனா? எவ்வளவு பெரிய விஷயத்தையும் ஊதிப் பெருப்பிக்கத் தெரிந்த எனக்கு இதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மஸாஹிரா இன்னும் இணைப்பில் இருந்தாள். அங்கிள், அந்த நாலு நாளைப் பத்தி ஹரிசன் சொல்றத அவங்க நம்பணும், வழக்கு முழுக்க அதுலதான் நிக்கிது எண்டாள். நீ 2021இல் வேலைக்குப் போய் நாலு நாள் வீட்டுக்கு வராமல் இருந்து, ஐந்தாம் நாள் பின்னேரம் நடந்து வந்தாயே, அந்த நாலு நாள். யார் கொண்டு போனது, எங்கே வைத்திருந்தது, என்ன கேட்டது என்று நீ எங்களிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்கு நீ சேட்டைக் கழற்றும்போது அம்மா கதவைச் சாத்தியது மட்டும் எனக்குத் தெரியும். அந்த நாலு நாளுக்கு உன்னிடம் கடதாசி இல்லை, முத்திரை இல்லை, உன் வாய்ச்சொல் மட்டும் இருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு அழகான கடதாசியும் முத்திரையும் இருக்கின்றன. போலி உறுதி கொண்டு வந்தவனின் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்?

அது மாமா விளையாட்டுக்கு எழுதினது எண்டு ஹரிசன் ஒரு வசனம் சொன்னாப் போதும், ஆனா அவர் சொல்றாரில்ல எண்டாள். முத்திரையைப் பிழையா வச்சதுக்கு மாமாட நீதவான் பதவி போய்ரும், கேஸ் வரும், எழுபது வயசிலை அவரைக் கோட்டுக்கு ஏத்தேலாது எண்டு சொல்றாராம். அவர்கள் கேட்டால், மாமா தந்தவர், அதுக்கு மேல ஒண்டும் சொல்ல மாட்டன் எண்டு இருக்கிறாராம். கடலுக்கு ஏன் அதைக் கொண்டு போனீர் எண்டு அவளே கேட்டிருக்கிறாள். அதற்கும் நீ வாய் திறக்கவில்லையாம்.

மடையா! நான் கோபத்தில் எழுதுகிறேன், இந்தச் சொல்லை வெட்டமாட்டேன். நாலு நாள் உன் வாயைத் திறக்க வைக்கப் பார்த்தவர்களுக்கு முன்னால் மூடிய வாயை, உனக்கு உதவ வந்தவளுக்கு முன்னாலும் மூடி வைத்திருக்கிறாய், இந்தக் கிழவனின் ரப்பர் முத்திரைக்காக!

அன்று பின்னேரமே பதினெட்டுப் படியும் இறங்கி உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. சுளகைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பந்து வாங்கிக் குடுத்திருக்கலாமே அண்ணை எண்டாள். அவ்வளவுதான். பிறகு குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனாள். என் நீதவான் பெயர்ப்பலகையின் நாலு ஆணியையும் திருகிக் கழற்றினாள். ஈரச் சீலையால் துடைத்து, வீரகேசரிப் பேப்பரில் சுற்றி, மேலே கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்துதான் கதையில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். மஸாஹிராவுக்கு என்னிடம் இருந்து ஒரு சத்தியக்கடதாசி வேண்டும். நீதவான் தன் கடதாசிக்குத் தானே முத்திரை வைக்க முடியாது, வேறொருவர் முன்னிலையில்தான் உறுதி கூற வேண்டும். வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒரு சமாதான நீதவான் இருக்கிறார். ஆனால் இங்கே கையெழுத்து வைத்தால் மாலைக்குள் கதை சலூன் வரை போய்விடும். ஆகையால் புதன்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே என் முப்பது வருஷ எதிரியும் நண்பனுமாகிய வின்சன்ற் இருக்கிறான், துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அவனும் சமாதான நீதவான், அவனுடைய முத்திரை என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. அதை நான் இதுவரை ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அருமையான எழுத்து. வின்சன்ற் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினான். கடும் காய்ச்சலில் சுயநினைவின்றி எழுதினேன் எண்டு போட்டிருக்கிறாய், காய்ச்சல் இருந்திச்சா மச்சான் எண்டு கேட்டான். இல்லை எண்டேன். வெட்டினான். சிறுவனின் கல்வி வளர்ச்சியை நோக்கமாகக் கொண்டு, இது உண்மையா எண்டான். ஒரு வகையில் எண்டேன். வெட்டினான். எனது நேர்மையை அறிந்த பல்லாயிரம் பேர், இது ஆரு மச்சான், எனக்கு நாலு பேரைக் காட்டு எண்டான். நானே பேனாவை வாங்கி வெட்டினேன். அப்படி வெட்டி வெட்டி மூன்று பக்கமும் ஆறு வரியாகியது. தேத்தண்ணி கொண்டு வந்த அவன் மனைவி மாக்ரெட் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, நவரத்தினம் அய்யா, இவ்வளவு சின்னக் கடதாசியிலை நீங்க கையெழுத்து வச்சு நான் பாத்ததேயில்லையே எண்டாள்.

அந்த ஆறு வரியையும் இங்கே தருகிறேன். அசல் இதோடு வருகிறது. 2005ஆம் ஆண்டில் என் மருமகன் ஹரிசனுக்குப் பத்து வயது. அவன் பிறந்தநாளுக்கு ஒரு தீவைக் கொடுப்பதாக ஓர் உறுதியை நான் எழுதினேன். அந்தத் தீவில் எனக்கோ என் முன்னோருக்கோ எந்த உரிமையும் ஒருகாலமும் இருந்ததில்லை. முத்திரை என்னுடையது, அதை வைத்தது நான், அப்படி வைக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று தெரிந்தே வைத்தேன். அது பொய் என்று அவனிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

ஐந்தாவது வரியில் வின்சன்ற் நின்றான். ஒருநாளும் சொல்லேல்லையா எண்டு கேட்டான். வளந்த பிறகு அவனுக்கே விளங்கியிருக்கும் எண்டேன். நான் அதைக் கேக்கேல்ல மச்சான் எண்டான். ஒருநாளும் சொல்லேல்லை எண்டேன். எழும்பி நில், வலது கையைத் தூக்கு எண்டான். நான் ஆயிரக்கணக்கான பேரின் கையைத் தூக்க வைத்தவன் (இது உண்மை, பதிவுப் புத்தகம் சாட்சி). என் கை அன்றைக்குத் தோளுக்கு மேலே வர மறுத்தது. அவன் ஒவ்வொரு வரியாகச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். முடிந்ததும் முத்திரையை வைத்தான். கேலி பண்ணுவான், முப்பது வருஷக் கணக்கையும் தீர்ப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூட வந்து, இருக்கை கிடைக்கும் வரை நின்றுவிட்டுப் போனான். எனக்கு அதுதான் மஸாஹிராவின் தொலைபேசியைவிடப் பெரிய அதிர்ச்சி. என் கதைக்கு வின்சன்ற் சிரிக்காத நாள் ஒன்று வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அடுத்த நாள் பதவி விலகல் கடிதம் எழுதி, முத்திரையையும் பதிவுப் புத்தகத்தையும் சேர்த்து, நீதி அமைச்சுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். போர்த்துக்கேயர் வின்சன்றின் ஆக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், ஒல்லாந்தர் வாய்க்கால் வெட்டினார்கள், வெள்ளைக்காரர் முத்திரை கொடுத்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள், முத்திரையை மட்டும் நாங்கள் இறுக்கிப் பிடித்திருந்தோம். இனி வழக்கு வந்தால் வரட்டும். எழுபது வயதில் கோட்டுக்குப் போவது மரியாதைதான், இத்தனை வருஷம் மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். நீ பயப்பட இனி ஒன்றுமில்லை. காப்பாற்றுவதற்கு இங்கே நீதவான் யாரும் இல்லை.

ஆகவே ஹரிசன், ஜூலை மூன்றாம் திகதி உள்ளே போய் இருந்ததும், அவர்கள் அந்த உறுதியைக் காட்டிக் கேட்டதும், என் மாமா ஒரு பொய்யர் என்று சொல். இதை இப்போதே பழகு. முதலில் தமிழில், கண்ணாடிக்கு முன்னால் நின்று. சொல்லும்போது தலையைக் குனியாதே. மொழிபெயர்ப்பாளர், உங்கள் சொந்த மாமாவா என்று திருப்பிக் கேட்பார். ஓம், அம்மாவின் ஒரே அண்ணன் என்று சொல். நல்ல மனிதர், ஆனால், என்றெல்லாம் இழுக்காதே. வெறுமனே பொய்யர் என்றே சொல். அது எனக்கு அவமானம் என்று நினைக்கிறாயா? வெள்ளவத்தையில் கடற்கரை வீதி தொடக்கம் காலி வீதி வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தானே அது.

பிறகு அந்த நாலு நாளைச் சொல். எங்களுக்குச் சொல்ல வேண்டாம், அவர்களுக்குச் சொல். நடந்தது நடந்தபடி, ஒரு அங்குலம் கூட்டாமல், ஒரு அங்குலம் குறைக்காமல். நீ என்னைப் போல இல்லை, நீ கூட்டமாட்டாய். குறைத்துவிடுவாயோ என்பதுதான் என் பயம்.

கையெழுத்து வைக்கிற பெரியவர்கள் தீவுகளைக் கொடுக்கட்டும், வாங்கட்டும், வாடகைக்கு எடுக்கட்டும். உனக்கு ஒரு அறை, ஒரு கதவு, அந்தக் கதவுக்கு உள்ளிருந்து போடுகிற ஒரு தாழ்ப்பாள் கிடைக்க வேண்டும். அதுதான் என் ஆசீர்வாதம். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் எடுக்க வேண்டாம். அம்மாவுக்கு எடு. நான் படியில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
நவரத்தினம்.

பி.கு.: மஸாஹிரா நேற்று மறுபடி எடுத்தாள். அந்த உறுதியை வரிவரியாக என்னோடு வாசித்து, இது உண்மையா, இது உண்மையா எண்டு கேட்டாள். பூட்டன் பொய், அவருக்குச் சீட்டுக் கலைக்கவே தெரியாது. கப்பித்தான் பொய், காற்சட்டை பொய், தென்னை, கிணறு, ஆமை எல்லாம் பொய். சகலதும் பொய் எண்டு குறிச்சுக்கொள்ளவா அங்கிள் எண்டாள். ஓம் எண்டேன். பிறகு ஒரு நிமிஷம் நில்லுங்கோ மகள் எண்டேன். நன்கொடை உறுதி எதை எடுத்தாலும் மேலே ஒரு வரி இருக்கும், ஏன் கொடுக்கிறேன் என்பதற்கு. நானும் படிவத்தைப் பார்த்து அப்படியே இறக்கி எழுதியிருந்தேன்: எனது மருமகன் ஹரிசன்மேல் நான் கொண்டுள்ள இயற்கையான அன்பினதும் பாசத்தினதும் நிமித்தம். அந்த வரியை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பொய் எண்டு எழுதுங்கோ எண்டேன். வழக்குக்கு அது தேவையில்லை எண்டாள். தேவையில்லைத்தான். நீயும் அங்கே அதைச் சொல்ல வேண்டாம். பொய் என்றும் சொல்லிவிடாதே.